முருகைக்கல்லில் பூத்த பனிமலைப் பூ

எங்கள் வீட்டுச் சமையலறையில் கடுகு வெடிக்கத் தொடங்கினால், கையிலிருப்பதை மடித்து வைத்துவிட்டு நான் வாசல் பக்கம் போய்விடுவேன். நாற்பது ஆண்டுகளாக இதுவே வழக்கம். எண்ணெய்ப் புகை எனக்கு ஆகாது என்பது என் மனைவியின் முடிவு. வயதானவர்களுக்கு மூக்குக் கூர்மை என்பது மருமகளின் முடிவு. இரண்டையும் நான் மறுத்ததில்லை. மறுத்தால் உண்மையான காரணத்தைக் கேட்பார்கள்.

சென்ற வாரம் வாசலுக்குப் போகச் சற்றுத் தாமதமாகிவிட்டது. வாணலியிலிருந்து தெறித்த ஒரு கடுகு கூடம் வரை பறந்து வந்து, நான் படித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பழைய மாணவர் கூட்டத்து அழைப்பிதழின்மேல் விழுந்தது. விழுந்ததோடு நில்லாமல் நிதானமாக உருண்டு, என் பெயருக்குப் பின்னால் அச்சிட்டிருந்த பட்டத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கு மேலும் மறைப்பது முறையன்று என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, நண்பரே, உமக்குச் சொல்கிறேன். உம்மோடு இருக்கட்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அந்நாளில் சாஸ்திரப் படிப்புக்கும் பி.ஏ. பட்டமே; தாவர சாஸ்திரத்தில் அதைத் தேறிய நான், அந்தச் சாஸ்திரத்தால் எவ்விதப் பயனும் இல்லாத ஒரு பஞ்சு ஏற்றுமதிக் கம்பெனியில், தூத்துக்குடியில், குமாஸ்தாவாக அமர்ந்திருந்தேன். சாத்தான்குளத்தில் எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் என் தகப்பனார் ஏரலில் ஓர் ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் ஒரு பெயர்ப் பலகை செய்வித்து அனுப்பியிருந்தார். அதை மேசைமேல் வைத்துக்கொண்டேன். பெயரைக் காட்டிலும் பட்டத்தின் எழுத்துகள் சற்றுப் பெரியவையாக இருந்தன. ஆசாரி செய்த பிழை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். அளவு குறித்துக் கொடுத்தவன் நானே.

அந்தப் பலகை எங்கள் பெரிய குமாஸ்தாவின் கண்ணை உறுத்தியது. ஊருக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டை என்னும் சிற்றூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். பஞ்சின் தரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லக்கூடியவர். ஆபீஸில் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி.

"ஏம்வே, பஞ்சுல பூச்சி விழுந்தா ஒம்ம பி.ஏ. என்ன செய்யும்? பூச்சிகிட்டப் போயி இங்கிலீசு பேசுமா?" என்பார்.

நான் பலகையை மட்டும் அவர் பக்கமாக இன்னும் ஓர் அங்குலம் திருப்பி வைப்பேன்.

எங்கள் துரை இங்கிலீஷ்காரர் அல்லர். சுவிட்சர்லாந்தின் மலையூர் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தேசம் யுத்தத்தில் சேராததால் அவரை யாரும் பிடித்து வைக்கவில்லை. பிரயாணிகளுக்குக் கப்பல் இல்லாததால் அவரால் ஊருக்குப் போகவும் முடியவில்லை. ஒரு நாள் என்னைத் தம் அறைக்கு அழைத்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய உறையை எடுத்தார். உள்ளே மூக்குப்பொடி போன்ற விதைகள். யுத்தத்துக்கு முன் அவருடைய அக்காள் அனுப்பியவை. தம் ஊருக்கு மேலே சுண்ணாம்புப் பாறைகள் உண்டென்றும், பனி உருகியதும் அவற்றின் வெடிப்புகளில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு மஞ்சள் பூ நான்கு இதழ்களோடு பூக்குமென்றும், அதைப் பார்த்து ஏழு வருஷம் ஆகிறதென்றும் சொன்னார். பிறகு, "நீ தாவரம் படித்தவனாயிற்றே. இது இங்கே வளருமா?" என்று கேட்டார்.

வளராது என்பதே சரியான விடை. ஆனால் காகிதக் கட்டோடு பெரிய குமாஸ்தா அந்த அறையில் நின்றிருந்தார். அவர் முன்னால் 'வளராது' என்ற சொல்லை உச்சரிக்க என் நாக்கு இசையவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது; நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமையும்; மகரந்தத் தாள்கள் ஆறு, அவற்றில் நான்கு நெட்டை, இரண்டு குட்டை; இதற்கு இன்றியமையாதது சுண்ணாம்பு; சுண்ணாம்புக்கு நம் கடலில் குறைவே இல்லை. "மூன்று மாதத்தில் பூக்கும்" என்று முடித்தேன். துரையின் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு பின்வாங்க வழியில்லை.

வெளியே வந்ததும் பெரிய குமாஸ்தா வழியை மறித்தார்.

"பனியில பூக்குத பூவ இந்த வெக்கையில பூக்க வச்சிருவீராவே?"

"சாஸ்திரப்படி பூக்கும், அண்ணாச்சி."

"பூத்துட்டுன்னு வையும், ஆபீசுல அத்தன பேரு முன்னாலயும் ஒம்ம பி.ஏ. சாருன்னு கூப்பிடுதேன். ஆயுசு பூரா கூப்பிடுதேன். பூக்கலன்னா, அந்தப் பலகையில உள்ள ரெண்டு எழுத்தையும் நானே பேனாக்கத்தியால சொரண்டிருவேன். சம்மதமா?"

சுற்றிலும் பன்னிரண்டு பேனாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டன. "சம்மதம்" என்றேன்.

நம் கடலடியில் பவளப் பூச்சிகள் கட்டியெழுப்பும் முருகைக்கல் முழுவதும் சுண்ணாம்பே. ஆகையால் அதில் பெரிதாக ஒரு கல் வேண்டும் என்று முடிவு செய்தேன். துரையின் பங்களாவில் சமையல் பார்த்த ரோசம்மாளின் தம்பி அந்தோணி கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர். முத்துக்குளிப்பு நின்று பல வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. நான் சொன்னதைக் கேட்டு அந்தோணி கையிலிருந்த சங்கைக் கீழே வைத்தார்.

"மலையில இருக்க பூவுக்குக் கடலுக்குள்ள போயிக் கல்லெடுக்கச் சொல்லுதியளே அய்யா. நாளைக்கு மீன் பிடிக்க மரத்துல ஏறச் சொல்லுவியளோ?"

"ஏலே, படிச்சவுக சொன்னா கேளு" என்றாள் ரோசம்மாள்.

"கேக்கத்தான செய்யுதேன். எங்க அப்பா முத்தெடுத்தாரு. நான் சங்கெடுத்தேன். இப்ப வெறுங்கல்ல எடுக்க விட்டுட்டிய."

எடுத்துக் கொடுத்தார். ஆறு பேர் தூக்கிய கல். பங்களாவின் பின்புறம், வேப்பமரத்து நிழலில் அதை நிறுத்தினோம். கடற்கல்லில் உப்பு இருக்குமல்லவா? பத்து நாள் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவச் செய்தேன். உப்பு நீங்கியதா என்று அறியக் கருவி ஏதும் ஊரில் இல்லை. எனவே நாள்தோறும் காலையில், யாரும் பார்க்காத வேளையில், கல்லை நக்கிப் பார்த்தேன். ஆராய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம். ஆனால் எட்டாம் நாள், நாக்கு கல்லின்மேல் இருக்கும்போது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. துரையிடம் கையெழுத்து வாங்க வந்த பெரிய குமாஸ்தா.

"எப்படிவே இருக்கு? ஒரு கல்லு உப்பு கூடப் போடச் சொல்லட்டா?"

ஊர் முழுவதும் அன்று மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. அதைவிடக் கடுமையாக இருந்தது குழாயடி. தூத்துக்குடியின் தண்ணீர்க் கஷ்டம் உமக்குத் தெரியாததன்று. நான் ஆபீஸ் போகும் வழியில் ஒரு பெண்மணி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டே பேசினாள்: "ஒரு கொடம் தண்ணிக்கு நாங்க விடிஞ்சதுலேருந்து நிக்கோம். அங்கன கல்லு குளிக்குதாம்லா, கல்லு! அதுக்குத் தல துவட்டுததுக்கு இந்தா போறாரு ஒருத்தரு."

கல்லின் வெடிப்புகளில் மண்ணைச் செருகி, துரையின் கையாலேயே விதைகளை இடச் செய்தோம். அடுத்தது குளிர். ஊரில் அப்போது ஐஸ் செய்யும் இடம் ஒன்றே ஒன்று. உமியில் புதைத்துச் சாக்கில் சுற்றி, ஒற்றை மாட்டு வண்டியில் நாளைக்கு இரண்டு முறை ஐஸ் கட்டி வந்தது. அதைக் கல்லின் தலையில் வைத்துக் கட்டினோம். கிளப்பில் வெள்ளைக்காரர்கள் வெதுவெதுப்பான விஸ்கி குடிக்க நேர்ந்ததற்கு நானே காரணம் என்று பேச்சு அடிபட்டது. மலைக்காற்றுக்காகத் தோட்டக்காரர் பிச்சைக்கண்ணுவை விசிறியோடு நிறுத்தினேன். இரண்டு நாள் வீசிய பிறகு அவர் மிகவும் பணிவாக, "அய்யா, கல்லுக்கு வேர்க்குமா?" என்று கேட்டார். 

இடையில் ஒரு நாள் துரை, அந்தப் பூக்கள் மாட்டுமணி ஓசையைக் கேட்டுக்கொண்டே வளரும் என்று ஏதோ நினைவில் சொல்லிவிட்டார். தாவரங்களுக்குச் செவி உண்டா என்பது குறித்து எங்கள் பாடநூல் மௌனம் சாதித்தது. மௌனத்தை மறுப்பாகக் கொள்ளலாகாது என்று கருதி, பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் எருமையை வரவழைத்து, அதன் கழுத்தில் மணி கட்டி, கல்லுக்குப் பத்தடி தூரத்தில் கட்டி வைத்தேன். துரை அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உணர்ச்சி மிகுதி என்று நினைத்தேன்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை. மதிற்சுவருக்கு மேலே தலைகள் வரிசையாகத் தெரிந்தன. குளிக்கும் கல்லையும் விசிறி வாங்கும் கல்லையும் சங்கீதம் கேட்கும் கல்லையும் பார்க்கக் காயல்பட்டணத்திலிருந்துகூட ஆள் வந்ததாகக் கேள்வி. ஆபீஸில் பெரிய குமாஸ்தா, எனக்குக் கேட்கும்படியாக, பேனாக்கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

ரோசம்மாள் என்னிடம் வந்தாள். "அய்யா, ஊர்க் கண்ணு அத்தனையும் இந்தக் கல்லுமேலதான் கெடக்கு. எப்படி முளைக்கும்? ஒரு தரம் சுத்திப் போட்டாச் சரியாயிரும்."

"அதெல்லாம் சாஸ்திரத்துக்கு விரோதம். செய்யக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"சரிங்கய்யா" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை, கல்லின் ஒரு வெடிப்பில் பச்சையாக இரண்டு இலைகள். நான் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் பொது வீதியில் ஓடியதில்லை.

செடி வளர்ந்தது. கட்டைவிரல் உயரம் ஆனது. துரை சொன்ன அளவு. அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முழங்கால் உயரமாயிற்று. மார்கழி பிறந்தபோது இடுப்பளவு வந்துவிட்டது. "கட்டவெரல்னு சொன்னாக. யாரு கட்டவெரலுவே? கும்பகர்ணன் வெரலா?" என்று பெரிய குமாஸ்தா விசாரித்தார். பனிமலையில் குளிர் செடியை அமுக்கி வைக்கிறது; இங்கே அந்த அடக்குமுறை இல்லை; ஆகவே தன் இயல்பான உயரத்தை அடைகிறது என்று விளக்கினேன். சுதந்திரப் பேச்சு மிகுந்திருந்த காலமாதலால் அந்த விளக்கம் நன்றாக எடுபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூத்தது. மஞ்சள். நான்கு இதழ்கள். சிலுவை வடிவம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: நான்கு நெட்டை, இரண்டு குட்டை. 

மறுநாளே துரை துறைமுகத்து அதிகாரி ஒருவரையும், ஒரு பாங்கு ஏஜெண்டையும், இரண்டு பாதிரிமார்களையும் தேநீருக்கு அழைத்தார். எங்கள் ஆபீஸ் முழுவதும் சுவரோரம் நின்றது. நான் கோட்டும் டையும் அணிந்து கல்லுக்கு வலப்புறம் நின்றேன். இடப்புறம் பெரிய குமாஸ்தா, ஒரு கையில் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த என் பெயர்ப் பலகை, மறு கையில் திறந்த பேனாக்கத்தி. துரை மண்டியிட்டுப் பூவைப் பார்த்தார். எழுந்து செடியின் உயரத்தைப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மெல்லுவது நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பெரிய குமாஸ்தாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். என் இருபத்திரண்டு வருஷத்து வாழ்க்கை அந்த வாய்க்குள் இருந்தது.

"ஆம். இதுதான்" என்றார் துரை.

பாதிரிமார் கை தட்டினார்கள். பெரிய குமாஸ்தா கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார். என் முன்னால் வந்து, மேல்துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, கேலியின் சாயல்கூட இல்லாத குரலில் சொன்னார்: "நான் ஒத்துக்கிடுதேன், பி.ஏ. சார்."

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் எனக்குக் கௌரவம். ஆனால் காய் பிடித்துவிட்டதே.

துரை ஒரு வார வேலையாகக் கொச்சிக்குப் போயிருந்தார். போகும்போது, விதை முற்றியதும் எடுத்து வைக்கும்படியும், இன்னாரால் தூத்துக்குடியில் வளர்க்கப்பட்டது என்று உறையின்மேல் என் பட்டத்தோடு நான் கையெழுத்திட வேண்டுமென்றும், யுத்தம் முடிந்ததும் அதைத் தம் அக்காளுக்கு அனுப்பப் போவதாகவும் சொல்லியிருந்தார். காய்ந்த நெற்றுகளைக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்து, ஒன்றை உடைத்தேன். உள்ளிருந்து கறுப்பாக, உருண்டையாக, பளபளவென்று விதைகள் உருண்டன. மூக்குப்பொடி போல இருந்த விதைகள் இவ்வளவு பெரிதாவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரோசம்மாள் குனிந்து பார்த்தாள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். ஒரு கிள்ளு எடுத்து மேசைமேல், விதைகளுக்குப் பக்கத்தில் போட்டாள். எது எது என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

"அய்யா, இது நம்ம கடுகுல்லா!"

ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தேன். சந்தேகமே இல்லை.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நீங்க வேண்டாம்னு சொன்னிய. எனக்குத்தான் மனசு கேக்கல. உப்பு, மொளகா, கடுகு மூணையும் எடுத்துக் கல்லச் சுத்துனேன். வாட காத்து அடிச்ச அடியில கையில உப்பும் மொளகாயும்தான் மிஞ்சிச்சு. கடுகு பூரா காத்துல போச்சுன்னு நெனச்சேன். கல்லுலதான் போயி விழுந்திருக்கு, மாதாவே!"

நீர் கேட்பீர்: ஊர் முழுவதும் பார்த்ததே, ஒருவருக்குமா தெரியவில்லை? தெரியவில்லை. கடுகை அறியாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. கடுகுச் செடியைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அது எங்கோ வடக்கே விளைந்து மூட்டையில் வந்து கடையில் இறங்கும் சரக்கு. தாவர சாஸ்திரப் பட்டதாரியும் அதைப் புத்தகத்துப் படத்தில், கறுப்பு வெள்ளையில், கண்டவனே. கடுகுக் குடும்பம் என்று நான் சொற்பொழிந்ததில் ஓர் எழுத்தும் பிழையில்லை. குடும்பத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

"இப்ப என்ன செய்ய, அய்யா? தொரைக்குத் தெரிஞ்சா என்ன வச்சிருப்பாகளா?"

என்னையும் வைத்திருக்க மாட்டார். அதைவிட, பலகை என்ன ஆகும்?  துரை அன்று மாலை ரயிலில் திரும்புகிறார். ரோசம்மாள் எழுந்து, வாணலியை அடுப்பில் ஏற்றி, எண்ணெய் ஊற்றினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நானே என் கையால் அத்தனை விதைகளையும் அள்ளி எண்ணெயில் போட்டேன். அந்தச் சமையலறையில் அன்று எழுந்த ஓசை இருக்கிறதே, நண்பரே, ஒவ்வொரு வெடிப்பும் என் பட்டத்தின் ஓர் எழுத்தைப் பெயர்த்தெடுப்பது போலக் கேட்டது. மாலையில் துரை ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விதை பிடிக்கவில்லை, காய்கள் பொக்காகிவிட்டன என்று நான் பக்கத்தில் நின்று அறிவித்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் துரை ஊருக்குப் புறப்பட்டார். எங்கள் துறையில் பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். படகில்தான் போய் ஏற வேண்டும். படகடியில் மற்றவர்கள் விடைபெற்ற பிறகு, நான் பின்தங்கி நின்று, "அந்தப் பூவைப் பற்றி ஒரு விஷயம்..." என்று தொடங்கினேன்.

"கடுகு" என்றார் அவர். "இலையை மென்றபோதே தெரியும்."

"பின் ஏன் இதுதான் என்று சொன்னீர்கள்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் முகத்தில் ரத்தமே இல்லை. பெரிய குமாஸ்தா பக்கத்தில் கத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். இல்லையென்று சொன்னால் அவர் உன்னைக் குத்திவிடுவார் என்று நினைத்தேன். அக்காளுக்கு விதை அனுப்புவதாகச் சொன்னதும் அவர் நம்புவதற்காகவே. இத்தனை வருஷமாகச் சனிக்கிழமைதோறும் மத்தியானமே அவரை வீட்டுக்கு அனுப்பினேனே, எதற்காக? கோபம் தணியட்டும் என்றுதான்."

பந்தயத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவேயில்லை. நானும் அப்போது சொல்லவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு அவர் படகில் ஏறினார். அதைக் கெடுப்பது பண்பன்று.

மிஞ்சியவர் பெரிய குமாஸ்தா. அவர் வாக்குத் தவறாதவர்; அதுவே எனக்கு வந்த தண்டனை. காலையில் 'வணக்கம், பி.ஏ. சார்' என்பார். ஆபீஸில் யாருக்கேனும் சந்தேகம் வந்தால், 'இதப் பி.ஏ. சார்ட்ட கேளுங்கலே' என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எதிர்ப்பட்டால் துண்டை இறக்கினார். உண்மையைச் சொல்லிவிடுவதென்று மூன்று முறை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். முதல் இரண்டு முறையும் வீடு நிறைய உறவினர்கள்; பனிமலைப் பூவை நம் மண்ணில் பூக்க வைத்தவர் என்று அவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். மூன்றாம் முறை அவர் படுக்கையில் இருந்தார். அருகில் யாரும் இல்லை.

"அண்ணாச்சி, அந்தப் பூ..." என்றேன்.

"மறப்பனா, பி.ஏ. சார்?" என்றார். குரல் மெலிந்திருந்தது. "நான் எங்க போயிருக்கேன், என்ன பாத்திருக்கேன்? பஞ்சு மூட்டையத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல. அந்தப் பூவ என் கண்ணால பாத்தேன்லா. தோத்ததுல எனக்கு வருத்தமே கெடையாது."

 சிறிது நேரம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அந்தப் பங்களா இல்லை. முருகைக்கல்லை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டுவிட்டார்கள். ரோசம்மாளும் அந்தோணியும் போய்ச் சேர்ந்தார்கள். ஐஸ், தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. பட்டமும் அப்படியே, எங்கள் வீட்டுக்குத் தபால் கொண்டுவரும் பையன் எம்.ஏ. பெரிய குமாஸ்தா மறைந்த பின் என்னை 'பி.ஏ. சார்' என்று கூப்பிட ஒருவரும் இல்லை. நேர்மையாகப் பெற்ற பெயரன்று என்பது எனக்குத் தெரியும். ஆயினும் புதுக்கோட்டை பஸ் வந்து நின்று, ஆட்கள் இறங்கும்போது, அந்தப் பக்கமாக நடந்துபோகும் நான் ஏதோ மறந்தவன் போலச் சற்று நின்றுவிடுகிறேன். எல்லோரும் இறங்கி முடிந்ததும் பஸ் போய்விடுகிறது.